புல்டோசர் பேர்வழிகள் அறியாத வெனிசியூ

2023 ஜூன் 27 அன்று பாரிசை அடுத்த நான்தேர் நகரில், காரை ஓட்டிவந்த நயெல் என்ற 17 வயது இளைஞன், போக்குவரத்துச் சோதனையின்போது போலீஸ்காரர் ஒருவரால் மிக அருகிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டான். வட ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்தவன் அவன். அன்றிரவு தொடங்கி பிரான்சின் புறநகர்கள் பல நாட்கள் பற்றியெரிந்தன. லியோன் நகரை ஒட்டிய வெனிசியூவும் அவற்றில் ஒன்று.

அந்த நாட்களில் புகழ்பெற்ற இதய மருத்துவர் ஒருவரின் பெயரில் இயங்கிய ட்விட்டர் கணக்கொன்று, கலவரத்தை அடக்க யோகி ஆதித்யநாத்தைப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும் என்று எழுதியது. கணக்கின் உண்மைத்தன்மை பற்றியே பலரும் கேள்வி எழுப்பினர். ஆனால் உத்தரப்பிரதேச முதலமைச்சர் அலுவலகமோ அதை மகிழ்ந்து ஏற்று, உலகமே 'யோகி மாதிரி'க்காக ஏங்குகிறது என்ற பொருளில் பதிலும் பதிவிட்டது. குடியேறிய முஸ்லிம்களை உள்ளே விட்டதால் பிரான்ஸ் எரிகிறது, புல்டோசரே அதற்கு மருந்து என்பதே இங்குள்ள வலதுசாரிகள் அந்த வாரம் முழுவதும் ஓதிய பாடம்.

அந்தப் பாடம் எத்தனை பொய்யானது என்பதை அறிய பாரிசுக்குப் போகவேண்டியதில்லை. வெனிசியூ ஒன்று போதும். புல்டோசர் என்ற சொல் பிரெஞ்சுப் புறநகர்களின் வரலாற்றிலும் உண்டு. ஆனால் அதை ஓட்டியவர்கள் யார் என்பது வலதுசாரிகளுக்கும் தெரியாது, இடதுசாரிகளும் அதிகம் பேச விரும்புவதில்லை. அதனாலேயே பேசவேண்டியிருக்கிறது.

வயல்வெளியில் எழுந்த நகரம்

லியோனின் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெனிசியூ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரம் பேர் வாழ்ந்த விவசாயக் கிராமம். முதல் உலகப்போர் அதன் தலையெழுத்தை மாற்றியது. லியோனைச் சேர்ந்த மோட்டார் முதலாளி மாரியஸ் பெர்லியே, போர்க்கால லாரித் தேவையைக் கணக்கிட்டு, வெனிசியூவிலும் அடுத்துள்ள சேன் பிரியே கிராமத்திலுமாகச் சுமார் 400 ஹெக்டேர் நிலத்தை வளைத்துப் போட்டார். 1916இல் வெர்தன் போர்முனைக்கு ஆளையும் குண்டையும் சுமந்து சென்ற லாரிகளில் பெர்லியேவின் வண்டிகள் ஏராளம். போர் பெருக்கிய செல்வத்தில் தொழிற்சாலை எழுந்தது. அதை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், பண்ணை, கடை என எல்லாமே முதலாளியின் பெயரில் எழுந்தன. பிறப்பு முதல் சாவு வரை தொழிலாளி தன் வேலிக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதே பெர்லியேவின் கனவு.

வேலி கட்டியவர் எதிர்பாராதது ஒன்று நடந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், பிரெஞ்சுத் தொழிலாளர்களோடு ஒரே பட்டறையில் நின்று சங்கம் கட்டினர். 1935 நகராட்சித் தேர்தலில் கம்யூனிஸ்ட் எனமோன் ரோமான் மேயரானார். கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்ட 1939 முதல் விடுதலை வரையான போர்க்காலத்தை நீக்கிவிட்டால், அதன்பின் 2020 வரை நடந்த நகராட்சித் தேர்தல்கள் ஒவ்வொன்றும் வெனிசியூவுக்குக் கம்யூனிஸ்ட் மேயரையே தந்தன. குடியேறிகளால் சீரழிந்த ஊர் என்று தூற்றப்படும் இந்த ஊரில் குடியேறிகளுக்கு முன் ஒரு பொற்காலம் இருந்ததே இல்லை. ஊரை ஊராக்கியவர்களே அவர்கள்தாம்.

நாஜிகளுக்குப் பணிந்த விஷி ஆட்சியின் காலத்தில் வெனிசியூ கண்டதையும் சொல்லவேண்டும். முன்பு இந்தோசீனத் தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த ராணுவ முகாம் ஒன்று அங்கே இருந்தது. 1942 ஆகஸ்ட் இறுதியில் லியோன் வட்டாரத்தில் வளைத்துப் பிடிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு யூதர்கள் அதில் அடைக்கப்பட்டனர். அப்போது லியோன் ஜெர்மன் படையின் ஆக்கிரமிப்பில் இல்லை; பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். உள்ளே நுழைய அனுமதி பெற்ற தொண்டு அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் பாதிரியார் அலெக்சாந்தர் கிளாஸ்பெர்க்கும் இரவோடு இரவாகப் பெற்றோர்களிடம் சென்று, பிள்ளைகள் மீதான உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுமாறு கேட்டனர். கையெழுத்திட்டால் பிள்ளை பிழைக்கும். அப்படி 108 குழந்தைகள் வெளியே கொண்டுவரப்பட்டு மறைக்கப்பட்டனர். பெற்றோரில் மிகப் பலர் ரயிலேற்றப்பட்டனர். குழந்தைகளை ஒப்படைக்கும்படி அரசு வற்புறுத்தியபோதும் அவர்கள் காட்டிக்கொடுக்கப்படவில்லை.

அதே காலத்தில் பெர்லியே தொழிற்சாலை ஜெர்மானியருக்கு லாரி செய்துகொண்டிருந்தது. 1944 செப்டம்பரில் லியோன் விடுதலையானதும், குடியரசின் ஆணையர் ஈவ் ஃபார்ஜ் தொழிற்சாலையைக் கையகப்படுத்தினார் (பின்னாளில் ஸ்டாலின் அமைதிப் பரிசு பெற்றவர் இவர்தான்). நாஜிகளுக்கு உதவிய குற்றத்துக்காக மாரியஸ் பெர்லியேவுக்குச் சிறைத்தண்டனையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. கம்யூனிஸ்ட் பொறியாளர் மார்செல் மோஸ்னியே நிர்வாகியாக, தொழிலாளர் பிரதிநிதிகளின் பங்கேற்போடு தொழிற்சாலை இயங்கியது. குண்டுவீச்சில் சிதைந்த பட்டறைகள் மீண்டும் எழுந்தன, லாரிகள் வெளிவந்தன. முதலாளி இல்லாமல் ஆலை ஓடாது என்று சொல்பவர்களுக்கு வெனிசியூ சொல்லும் பதில் இது. பனிப்போர் மூண்டு கம்யூனிஸ்டுகள் அரசிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு காற்று திசை மாறியது. 1949இல் சட்டத்தின் பெயரால் ஆலை அந்தக் குடும்பத்திடமே திரும்பிச் சென்றது.

தொழிலாளர்கள் அதை மறக்கவில்லை. 1968 மே மாத வேலைநிறுத்தத்தில் ஆலையை ஆக்கிரமித்தபோது, வாயிலில் இருந்த பெயர்ப்பலகை அவர்கள் கண்ணில் பட்டது. பெர்லியே என்ற பெயருக்குப் பிரெஞ்சில் ஏழு எழுத்துகள். அதே ஏழு எழுத்துகளைக் கழற்றி வேறு வரிசையில் மாட்டினால் 'லிபெர்தே', அதாவது விடுதலை என்ற சொல் கிடைக்கும். மாட்டினார்கள். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

மேட்டின்மேல் கோபுரங்கள்

1950களிலும் 60களிலும் பிரெஞ்சு முதலாளித்துவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அல்ஜீரியக் கிராமங்களுக்குத் தரகர்கள் சென்றனர். வந்தவர்கள் கட்டுமானத் தளங்களிலும் வார்ப்படச் சாலைகளிலும் உழைத்து, தகரக் கொட்டகைகளிலும் விடுதிகளிலும் உறங்கினர். வீட்டுப் பஞ்சம் பிரெஞ்சுத் தொழிலாளியையும் விட்டுவைக்கவில்லை. அரசு போட்ட விடைதான் பெருங்குடியிருப்புகள். வெனிசியூவின் பழைய ஊருக்கு மேலுள்ள மாங்கெத் மேட்டில், கட்டடக்கலைஞர் எஜேன் போதுவான் திட்டத்தின்படி 1960களின் நடுவில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சுமார் 9,000 வீடுகள் எழுந்தன. 60 கோபுரங்கள் வானைத் தொட்டன. 1962இல் 30 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 1975இல் 74 ஆயிரம் பேர் வாழ்ந்தனர்.

இன்று அந்தக் கோபுரங்களைப் 'பிழையான கட்டடக்கலை' என்று பழிப்பது எளிது. குழாயில் வெந்நீரும் தனிக் குளியலறையும் சூடேற்றப்பட்ட அறைகளும் முதல்முறையாகக் கிடைத்த குடும்பங்களுக்கு அவை பிழையாகத் தெரியவில்லை. நகராட்சி அங்கே பள்ளிகள், மருத்துவ மையங்கள், நூலகம், விளையாட்டு அரங்குகள் என அடுக்கியது. தெருவுக்கு லெனின் பெயர், ஒரு பகுதிக்குத் தொழிற்சங்கத் தலைவர் கஸ்தோன் மோன்மூசோ பெயர். கட்சிக் கிளை, சங்கக் கிளை, குடியிருப்போர் சங்கம், விடுமுறை முகாம் எல்லாம் பின்னிப் பிணைந்திருந்தன. சிவப்புப் புறநகர் என்பது வெறும் வாக்குக் கணக்கன்று, ஒரு வாழ்க்கைமுறை.

கட்டி முடித்த மையின் ஈரம் காய்வதற்குள் 1974 வந்தது. எண்ணெய் நெருக்கடி, ஆட்குறைப்பு, அயல்நாட்டுத் தொழிலாளர் வருகைக்கு அரசின் தடை. பெர்லியே ஆலை சித்ரோயென் கையிலிருந்து ரெனோவின் கைக்கு மாறியது (பின்னர் அது சுவீடனின் வோல்வோ வசமாயிற்று). வசதி வந்தவர்கள் தனிவீடு வாங்கி வெளியேறினர். அதற்கு அரசே கடன் கொடுத்து ஊக்குவித்தது. வெளியேற முடியாதவர்கள் தங்கினர். அவர்களில் அல்ஜீரிய, துனீசியக் குடும்பங்கள் அதிகம். வீடுகள் ஆயிரக்கணக்கில் காலியாகின. 1999 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 56 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. 'ஜனநாயகம்' என்று பெயரிட்ட குடியிருப்பின் பத்துக் கோபுரங்கள் ஆளின்றிப் பாழடைந்து, 1994 அக்டோபர் 11 அன்று ஒரேயடியாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தொலைக்காட்சிகள் அதைத் திருவிழாபோல் காட்டின. வேலை எங்கே போயிற்று என்று கேட்க அந்தக் கேமராக்களுக்கு நேரமில்லை.

ஒரே குறைக்கு இரண்டு விடைகள்

கம்யூனிஸ்ட் நகராட்சிகளுக்கு நியாயமான குறை ஒன்று இருந்தது. பணக்காரப் புறநகர்கள் குறைந்த வாடகை வீடுகளைக் கட்ட மறுத்தன. ஏழைகளின் சுமை முழுவதும், அதற்கான பள்ளி, மருத்துவ, நலச் செலவுகளோடு, தொழிலாளர் ஊர்களின் தலையில் விழுந்தது. 1969இலேயே பாரிஸ் வட்டாரத்தின் கம்யூனிஸ்ட் மேயர்கள் இதைக் கூட்டாக எழுப்பினர். ஆனால் குறையைச் சொல்லும் விதத்தில் சறுக்கல் நேர்ந்தது. 'பணக்கார ஊர்கள் வீடு கட்டட்டும்' என்ற கோரிக்கை, 'குடியேறிகள் எங்கள் ஊரில் அளவுக்கு மீறிவிட்டனர்' என்ற வாக்கியமாக மெல்ல மாறியது.

அதன் உச்சம் 1980 டிசம்பர் 24. வலதுசாரி மேயர் ஆண்ட சேன் மோர் ஊரிலிருந்து சுமார் 300 மாலித் தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் நகராட்சியான வித்ரியின் விடுதி ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். பணக்கார ஊர் தன் ஏழைகளைத் தள்ளிவிடுகிறது என்ற கோபத்தில் கட்சியினரும் நகராட்சியினரும் திரண்டு, புல்டோசரைக் கொண்டு அந்த விடுதியைச் சிதைத்தனர். தள்ளிவிட்ட மேயரின் வீட்டுக் கதவில் ஒரு கீறலும் விழவில்லை. இடிந்தது மாலித் தொழிலாளியின் படிக்கட்டு. அடுத்த ஆண்டு தேர்தல் வருகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது. 1981 குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மார்ஷே பெற்றது 15 விழுக்காட்டுக்குச் சற்றே மேல். 1969இல் ழாக் துக்ளோ 21 விழுக்காடு பெற்றிருந்தார். புல்டோசர் வாக்கைக்கூடக் கொண்டுவரவில்லை. சில ஆண்டுகளில் இனவெறியை மூலப்பொருளாகவே விற்கும் லு பென்னின் தேசிய முன்னணி எழுந்தது. அசல் சரக்கு கடையில் கிடைக்கும்போது போலியை வாங்குவார் யார்?

அதே குறைக்கு வேறொரு விடையும் உண்டு. 2000 டிசம்பரில், இடதுசாரிக் கூட்டரசில் கம்யூனிஸ்ட் அமைச்சர் ழான் குளோத் கேசோவின் பொறுப்பிலிருந்த துறை கொண்டுவந்த சட்டம், பெருநகரப் பகுதிகளில் உள்ள குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நகராட்சிகள் யாவும் தம் வீடுகளில் 20 விழுக்காட்டைச் சமூக வீடுகளாக வைத்திருக்கவேண்டும், இல்லையேல் தண்டம் கட்டவேண்டும் என்றது. பின்னர் பல ஊர்களுக்கு அது 25 விழுக்காடாக உயர்ந்தது. நெய்யி போன்ற செல்வர் ஊர்கள் ஏழையைக் குடிவைப்பதைவிடத் தண்டம் கட்டுவதே மேல் என்று இன்றுவரை கட்டிவருகின்றன. சட்டத்தில் ஓட்டை இருக்கலாம். ஆனால் அதன் முனை இருக்கவேண்டிய திசையில் இருந்தது: மாலித் தொழிலாளியை நோக்கியன்று, நெய்யியை நோக்கி.

மார்செய்யிலிருந்து பாரிஸ் வரை

மாங்கெத் மேட்டில் பிறந்து வளர்ந்த தலைமுறை இந்த விடைகளுக்காகக் காத்திருக்கவில்லை. 1981 கோடையில் அங்கே கார்கள் எரிந்தன. பிரெஞ்சு ஊடகம் புறநகரை 'கண்டுபிடித்தது' அப்போதுதான். 1983 மார்ச்சில் போலீசோடு மோதல் நடந்தபின், இளைஞர் சிலர் கல்லை வைத்துவிட்டு உண்ணாவிரதம் இருந்தனர். போலீஸ் அடாவடி நிறுத்தப்படவேண்டும், குடியிருப்பைச் சீரமைக்கும் பணியில் தங்களுக்கு வேலை வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். ஆலையில் தந்தைக்கு வேலை கொடுத்த ஊரில் மகன் கேட்டதும் வேலையைத்தான்.

ஜூன் மாதம் ஓர் இரவு, போலீஸ் நாய் கடித்த சிறுவன் ஒருவனை விடுவிக்கப்போன அவர்களின் தலைவர் தூமி ஜெய்ஜா, போலீஸ்காரரின் தோட்டா பாய்ந்து வயிற்றில் காயமுற்றார். மருத்துவமனைப் படுக்கையில் அவர் கேட்டது பழியை அன்று. காந்தியின் உப்பு யாத்திரையையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் முன்மாதிரியாகக் கொண்டு, பாதிரியார் கிறிஸ்தியான் தெலோர்முடன் அவர் வகுத்த திட்டம் நாடு தழுவிய நடைப்பயணம். அக்டோபர் 15 அன்று மார்செய்யிலிருந்து ஒரு சிறு குழு புறப்பட்டது. வழியில் ரயிலில் ஓர் அல்ஜீரிய இளைஞன் அடித்து வெளியே வீசப்பட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. பயணம் நிற்கவில்லை. டிசம்பர் 3 அன்று பாரிசுக்குள் நுழைந்தபோது உடன் நடந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். குடியரசுத் தலைவர் மித்தரான் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பத்தாண்டு வசிப்புரிமை அட்டை அடுத்த ஆண்டு சட்டமாயிற்று. வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமை தருவதாக மித்தரான் தேர்தலில் அளித்திருந்த வாக்குறுதி காற்றோடு போயிற்று.

அதன் பெயர் 'சமத்துவத்துக்கும் இனவெறிக்கு எதிராகவும் நடைப்பயணம்'. பத்திரிகைகள் அதை 'அரபுப் பிள்ளைகளின் நடை' என்ற பொருள் தரும் கொச்சைப் பெயரால் அழைத்தன. சமத்துவம் என்ற சொல் மறைந்து இனம் மட்டும் எஞ்சியது. அப்போது அரசில் நான்கு கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் இருந்தனர். அந்த இளைஞர்களில் பலரின் தந்தையர் கட்சியின் தொழிற்சங்கத்தில் அட்டை வைத்திருந்தவர்கள். ஆனால் பிள்ளைகளைத் திரட்டியது ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். இந்த உண்மை எவ்வளவு உறுத்தினாலும் அதை மறைப்பதில் பயனில்லை. பாதிரியாரைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. இடம் காலியாக இருந்தது, அவர் வந்து நின்றார்.

கால் நூற்றாண்டு கழித்து அதே வெனிசியூவின் முன்னாள் கம்யூனிஸ்ட் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஆந்த்ரே ஜெரேன், முகத்தை மூடும் உடை பற்றிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவைக் கோரி, அதன் தலைவரானார். 2010இல் தடைச்சட்டம் வந்தபோது, இடதுசாரி உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாதிருக்க, அவர் வலதுசாரிகளோடு சேர்ந்து ஆதரித்து வாக்களித்தார். மதப் பிற்போக்கை எதிர்ப்பது கம்யூனிஸ்டுகளின் கடமை என்பதில் ஐயமில்லை. பெண்ணின் முகத்தை மூடச்சொல்பவனோடு சமரசம் இல்லை. ஆனால் ஆட்குறைப்புக்கு எதிராக விசாரணைக் குழு கேட்டுக் கிடைக்காத நாட்டில், துணிக்கு எதிராகக் கேட்டதும் கிடைத்ததே, அந்தக் கணக்கை ஜெரேன் யோசித்திருக்கவேண்டும். சார்க்கோசி அரசுக்கு வேண்டியிருந்தது ஒரு சிவப்புக் கையெழுத்து. அதை அவர் இலவசமாகத் தந்தார்.

இத்தனைக்குப் பிறகும் வெனிசியூ சிவப்பை உடனே உதறிவிடவில்லை என்பதுதான் வியப்பு. வாக்குச்சாவடிக்கு வராதவர்களின் எண்ணிக்கை வந்தவர்களைவிட அதிகமாகிவிட்ட ஊர் அது. வென்ற மேயர்கள் அந்த வெற்றிடத்தின் மீதுதான் வென்றனர். ஆனாலும் வென்றதற்குக் காரணம் இல்லாமலில்லை.

பிரான்சில் வாடகை கட்டாத குடும்பத்தை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது. குளிர் முடிந்ததும் போலீசோடு அமீனா வருவார். 2009இல் மேயரான மிஷேல் பிகார், குளிர்காலத் தடை முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் மூன்று உத்தரவுகளில் கையெழுத்திட்டு வந்தார்: வெனிசியூ எல்லைக்குள் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது, மின்சாரத்தையும் எரிவாயுவையும் துண்டிக்கக்கூடாது, வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யக்கூடாது. மேயருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அரசின் பிரதிநிதி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போவார். மேயர் தாமே நீதிமன்றம் சென்று வாதாடுவார். உத்தரவுகள் ரத்தாகும். வழக்கு நடக்கும் இடைவெளியில் வாடகை பாக்கிக்காரரை அழைத்து வீட்டுவசதி நிறுவனத்தோடு தவணை பேசி முடிப்பார்கள். சில குடும்பங்கள் தப்பும். அந்தக் குடும்பம் துனீசியாவிலிருந்து வந்ததா, லியோனில் பிறந்ததா என்று உத்தரவின் எந்த வரியும் கேட்கவில்லை. அடுத்த மார்ச்சில் அதே மேசையில் அதே மூன்று உத்தரவுகள் மீண்டும் கையெழுத்தாகும்.